படுத்தால் வருவது

ஜூன் 2, திங்கள்

சாவி என் கையில். முதலில் இதை எழுதிவிட வேண்டும். நாற்பத்து நான்கு வயதில் ஒரு வீட்டுச் சாவி முதன்முதலாக என் இடுப்பில் ஏறியிருக்கிறது. இரண்டு அறை, ஒரு சமையலறை, ஓட்டில் ஓர் ஒழுகல், பின்பக்கம் தேயிலைச் சரிவு. அரசாங்கக் குடியிருப்புதான். இருந்தாலும் நான் பூட்டினால்தான் பூட்டு, நான் திறந்தால்தான் திறப்பு.

சேம்பாறை எஸ்டேட் அரசு உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியையாக இன்று காலை பொறுப்பேற்றேன். வால்பாறையிலிருந்து ஒரு மணி நேரப் பயணம், அதுவும் பஸ் வந்தால். கலந்தாய்வில் இந்த இடத்தை யாரும் தொடவில்லை. "அடுத்த தடவை பாத்துக்கலாமேம்மா" என்று அதிகாரியே சொன்னார். நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அடுத்த தடவை வரை அம்பாசமுத்திரத்தில் அண்ணன் வீட்டு மாடியறையில் இருக்க வேண்டுமே.

அண்ணன் கோமதிநாயகம் கூடவே வந்து சாமான் இறக்கிக் கொடுத்தான். வழி நெடுக ஒரே பாட்டு.

"வடிவு, மல ஏறி எறங்குறதெல்லாம் ஒனக்கு ஆவாதுட்டி. சொன்னாக் கேளு."

"ஏன் ஆவாது? எல்லாருந்தான் ஏறுதாவ."

"ஒன் ஒடம்பு வேற."

"என் ஒடம்புக்கு என்ன?"

அவன் கயிற்றை அவிழ்த்தான். பஸ் கிளம்பும்போது ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "மூச்சுகீச்சு வாங்குச்சுன்னா மறைக்காத, ஒடனே போன் போடு" என்றான். காய்ச்சல் என்று சொல்லவில்லை, வயிற்றுவலி என்று சொல்லவில்லை. மூச்சு. அவனுக்கு எப்போதுமே என் விஷயத்தில் அளவுக்கு மீறிய பதற்றம்.

ஜூன் 4, புதன்

பள்ளி கீழே, குடியிருப்பு மேலே. நடுவில் கருங்கல் படிகள். பள்ளி உதவியாளர் மரியபுஷ்பம் இந்த எஸ்டேட்டிலேயே பிறந்தவள். ஐம்பது வயது இருக்கும். தன் பையோடு என் பையையும் தூக்கிக்கொண்டு பேசிக்கொண்டே ஏறுகிறாள். பாதியில் நின்று, "அந்த மலைக்குப் பேர் என்ன புஷ்பம்?" என்று கேட்டேன். சொன்னாள். இன்னும் கொஞ்சம் ஏறி, "அது என்ன மரம்?" என்றேன். சொன்னாள். மூன்றாவது முறை நின்றபோது கேட்க ஒன்றும் கிடைக்கவில்லை.

"புது ஆளுங்களுக்கு அப்படித்தான் டீச்சர். கொஞ்ச நாள்ல பழகிடும்."

பழகிவிடும்.

ஜூன் 12, வியாழன்

எனக்கு நிறம் வந்துவிட்டது என்று பள்ளி முழுக்கப் பேச்சு. "மலைத் தண்ணி உங்களுக்கு ஒத்துக்கிச்சு டீச்சர், ரெண்டு கன்னமும் ஆப்பிளாட்டம் இருக்கு" என்றாள் புஷ்பம். ஒரு படம் எடுத்து மதினிக்கு அனுப்பினேன். "கொமரிப்புள்ள மாதிரி இருக்கீய" என்று பதில் வந்தது. வாழ்க்கையில் முதன்முதலாக என் முகத்தை யாரோ புகழ்கிறார்கள். கண்ணாடியில் நானும் பார்த்தேன். சிவப்புதான். உதட்டில் மட்டும் சிவப்புக்குப் பதிலாக வேறு ஒரு நிறம். குளிர்.

ஜூன் 18, புதன்

மழை பிடித்துவிட்டது. துணி காயவில்லை. பத்தாம் வகுப்புக்குக் கணக்கு ஆசிரியர் இல்லாததால் நானே எடுக்கிறேன். தேற்றத்தைச் சொல்லிக்கொண்டே கரும்பலகையில் எழுத முடியவில்லை. எழுதிவிட்டுச் சொல்கிறேன், அல்லது சொல்லிவிட்டு எழுதுகிறேன். பிள்ளைகளுக்கு இதுதான் நன்றாகப் புரிகிறதாம்.

இருமல். ஈரத்தால்.

ஜூன் 21, சனி

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நேற்று படுத்து, முதல் தூக்கம் கலையும் நேரம். யாரோ மார்பின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். கனவு இல்லை. கண் திறந்திருந்தது, அலமாரியும் கொடியில் தொங்கிய சேலையும் தெரிந்தன. மூச்சை இழுக்கிறேன், வரவில்லை. எழுந்து, கட்டிலைவிட்டு இறங்கி, ஜன்னலைத் திறந்து கம்பியில் முகத்தை வைத்து நின்றேன். மழைச்சாரல் முகத்தில் அடித்தது. அப்படியே நிற்க நிற்க, உட்கார்ந்திருந்தது மெல்ல இறங்கிப் போனது.

காலையில் எல்லாம் சரியாகிவிட்டது. தோசை வார்த்துச் சாப்பிட்டேன். எண்ணெய் அதிகம் சேர்த்திருக்கக் கூடாது.

ஜூன் 24, செவ்வாய்

புஷ்பத்திடம் சொல்லியிருக்கக் கூடாது. "இந்த வீட்டு ஜன்னலுக்குக் கொக்கி சரியில்லை, ராத்திரி திறக்க வேண்டியிருக்கிறது" என்றுதான் ஆரம்பித்தேன். ஏன் திறந்தீர்கள் என்று கேட்டாள். வாய் விட்டுவிட்டேன்.

துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டாள்.

"கட்டில் எந்தப் பக்கம் போட்டிருக்கீங்க?"

"சுவரோரம்."

"ஐயோ டீச்சர். அது அமுக்குவான். அங்க ஒரு கங்காணி பொண்டாட்டி செத்துப் போச்சுன்னு எங்க ஆத்தா சொல்லும். மல்லாக்கப் படுத்தா வந்து நெஞ்சு மேல குந்திக்கும். படுத்தாத்தான் வரும், உக்காந்திருந்தா வராது. அதான் அதோட அடையாளம்."

"புஷ்பம், நீ ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போறவ."

"போறேன் டீச்சர். அதுக்காக அது இல்லன்னு ஆயிடுமா?"

பேய்க்கதையை மாணவர்களிடம் பரப்பினால் விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் கட்டிலை நடுவறைக்கு இழுத்துப் போட்டேன். ஒழுகல் அந்தப் பக்கம்தான் அதிகம், அதனால்.

கட்டிலை இழுத்துவிட்டு வெகுநேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 27, வெள்ளி

நடுவறையிலும் வந்தது.

ஜூலை 1, செவ்வாய்

வால்பாறைச் சந்தையில் இரண்டு தலையணை வாங்கிவரப் புஷ்பத்திடம் சொன்னேன். "விருந்தாளி வராங்களா டீச்சர்?" ஆமாம் என்றேன். பழையதோடு சேர்த்து அடுக்கிச் சாய்ந்து படுத்தால் வருவதில்லை. உயரம் போதவில்லை என்றால் அடியில் கம்பளியை மடித்து வைத்துக்கொள்ளலாம்.

கீரை நன்றாக இருந்தது. பூண்டு தீர்ந்துவிட்டது.

ஜூலை 10, வியாழன்

இடைத்தேர்வு. ஒன்பதாம் வகுப்புக்குக் கண்காணிப்பாளர் வராததால் நானே அறைக்குள் போனேன். மழை சற்று நின்றிருந்தது, பேனா ஓடும் சத்தம் மட்டும். முதல் வரிசைப் பெண் ஒருத்தி தலை தூக்கி, "டீச்சர், பூனைக்குட்டி" என்றாள்.

எனக்கும் இரண்டு நாளாக வீட்டில் அந்தச் சத்தம் கேட்கிறது. மெல்லிய முனகல், விட்டு விட்டு. கட்டிலடியிலும் அடுப்புக்குப் பின்னாலும் டார்ச் அடித்துத் தேடிவிட்டேன். ஆக என் பையில் ஏறிக்கொண்டு பள்ளிக்கும் வந்துவிட்டதோ என்று, எல்லோரையும் எழுந்து பெஞ்சுக்கு அடியில் பார்க்கச் சொன்னேன். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஒன்றும் இல்லை. உட்காரச் சொன்னேன். மறுபடி அமைதி. மறுபடி சத்தம்.

இந்த முறை யாரும் பெஞ்சுக்கு அடியில் பார்க்கவில்லை. ஒவ்வொருவராகத் தலை தூக்கி என்னைப் பார்த்தார்கள். முதல் வரிசைப் பெண் சட்டென்று தாளில் குனிந்துகொண்டாள்.

வெளியே வந்து தாழ்வாரத்தில் நின்றேன். அங்கே மழைச் சத்தம் இருந்தது, நல்லது.

ஜூலை 11, வெள்ளி

பூனை இல்லை.

ஜூலை 14, திங்கள்

எஸ்டேட் மருந்தகத்துக்குப் போனேன். டாக்டர் வாரத்தில் ஒரு நாள்தான். மற்ற நாட்களில் கம்பவுண்டர் வேலாயுதன். பூனைக்குட்டிச் சத்தம் என்றதுமே சிரித்துவிட்டார். "வீசிங் டீச்சர். இங்க வர்ற பாதிப் பேருக்கு இதுதான். ஈரம், அடுப்புப் புகை, தேயிலைத் தூள்." உறிஞ்சும் மருந்து கொடுத்தார். நிம்மதி. பெயர் தெரிந்துவிட்டால் எதுவும் பாதியாகிவிடும். புஷ்பத்திடம் மருந்தைக் காட்டி, "இதுதான் உன் அமுக்குவான்" என்றேன். அவள் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

ஜூலை 19, சனி

மருந்து இழுத்தும் மாற்றமில்லை. இழுக்கிற முறை சரியில்லையோ என்னவோ. இப்போது சாய்வு நாற்காலியில்தான் தூங்குகிறேன். முதுகுக்கு நல்லது.

செருப்பு இறுக்குகிறது. மழையில் நனைந்து சுருங்கிவிட்டது போல. இரண்டு ஜோடியுமா என்று யோசித்தேன். இரண்டும்தான் நனைந்தது.

தலையணை உறைக்குள் ஓர் இரும்புச் சாவியும் கறுப்புக் கயிறும் இருந்தன. புஷ்பத்தின் வேலை. எடுத்து எறியவில்லை.

ஜூலை 28, திங்கள்

காலை வழிபாட்டில் குரல் அடைத்துக்கொண்டது. ஒரு வாரமாகவே கரகரப்பு. உறுதிமொழியைப் பத்தாம் வகுப்புப் பையன் வாசித்தான்.

மறுபடி மருந்தகம். வேலாயுதன் இந்த முறை சிரிக்கவில்லை. ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்துக் கேட்டார். பிறகு இடப்பக்கம், மார்புக்குக் கீழே வைத்தார். வைத்த கையை எடுக்கவே இல்லை. என்னை இடப்பக்கம் ஒருக்களிக்கச் சொன்னார். படுக்க முடியாது என்றேன்.

"படுக்க முடியாதா? எத்தனை நாளா?"

"பழக்கமில்லை, அவ்வளவுதான்."

"டீச்சர், நீங்க கீழ போகணும். இது என் கையில இல்ல. நெஞ்சு எக்ஸ்ரே வேணும், எக்கோ வேணும். இந்த வாரமே போங்க."

"சுதந்திர தினம் முடியட்டும்."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

சம்பந்தம் இருக்கிறது. கீழே போனால் அண்ணனுக்குத் தெரியும். அண்ணனுக்குத் தெரிந்தால் வண்டி வைத்து வந்துவிடுவான். மாடியறை. மதினி நல்லவள்தான், காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஜன்னலைச் சாத்திவிட்டுப் போவாள். "காத்து ஒத்துக்காது ஒங்களுக்கு." நாற்பத்து நான்கு வருடம் அந்த ஜன்னல் சாத்தியே இருந்தது.

வேலாயுதன் எழுதிக் கொடுத்த சீட்டை மேஜை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. எலுமிச்சைச் சாதம் கிளறினேன். பாதியில் கரண்டியை வைத்துவிட்டு உட்கார்ந்து, பிறகு கிளறினேன். அடி பிடித்துவிட்டது. புஷ்பத்துக்கும் கொடுத்தேன். "பரவால்ல டீச்சர், காந்தல் வாசனை எனக்குப் பிடிக்கும்" என்று சாப்பிட்டாள்.

அண்ணன் போன் செய்தான்.

"ஏன் கொரலு ஒரு மாதிரி இருக்கு?"

"பிள்ளைகளைச் சத்தம் போட்டது."

"மாடி ஏறுனா மூச்சு வாங்குதா?"

"இங்க மாடியே இல்லண்ணே."

பொய் இல்லை. இங்கே மாடி இல்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பல் விளக்கும்போது இருமினேன். துப்பியது இளஞ்சிவப்பாக, நுரையாக இருந்தது. சோப்பு நுரையில் குங்குமம் விழுந்தது மாதிரி. கத்திக் கத்தித் தொண்டை கிழிந்திருக்கும். தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டேன். வரவேற்புக் குழு, மிட்டாய், கொடிக்கயிறு மாற்றம் பற்றி இன்று கூட்டம். எல்லாம் முடிந்தது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நெஞ்சுக்குள் ஏதோ தாளம் தப்புகிறது. துடிப்பு, துடிப்பு, இடைவெளி, பிறகு ஓடிப்பிடிப்பது போல நாலைந்து. கூடைக்குள் கோழி இறக்கையை அடித்துக்கொள்ளும் சத்தம் காதுக்கே வருகிறது. கணக்கு ஆசிரியைக்கு இதில் ஓர் ஒழுங்கு கிடைக்க வேண்டும். கிடைக்கவில்லை.

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாலும் இப்போது வருகிறது. உட்கார்ந்திருந்தால் வராது என்றாளே புஷ்பம்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடி ஏற்றினேன். மழையிலும் பிரிந்து பறந்தது. பேச்சைச் சுருக்கிக்கொண்டேன். பிள்ளைகளுக்கு மிட்டாய். மேலே ஏற முடியாததால் பகல் முழுவதும் அலுவலக அறையிலேயே இருந்தேன். பதிவேடுகள் நிறையச் சேர்ந்துவிட்டன என்று சொன்னேன். சாயங்காலம் புஷ்பமும் சமையல் ஆயாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஏற்றிவிட்டார்கள்.

திங்கட்கிழமை கீழே போகிறேன். உறுதியாக.

ஆகஸ்ட் 20, புதன். கோயம்புத்தூர், ஆஸ்பத்திரி

துணிப்பையோடு இந்த டைரியையும் புஷ்பம் எடுத்து வைத்திருக்கிறாள். நிறுத்தி நிறுத்தித்தான் எழுத முடியும்.

பதினைந்தாம் தேதி ராத்திரி புஷ்பம் வீட்டுக்குப் போகவில்லை. "இங்கேயே ஒரு ஓரமா படுத்துக்கறேன்" என்றாள். வேண்டாம் என்றேன். பாயை விரித்துவிட்டாள். நான் நாற்காலியில். எப்போது ஆரம்பித்தது என்று தெரியாது. முன்னால் குனிந்து மேஜையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மூச்சை இழுத்தால் உள்ளே காற்றுக்கு இடமில்லை, தண்ணீர் இருந்தது. சோறு கொதிக்கிற சத்தம் என் நெஞ்சிலிருந்து வந்தது. வாயில் நுரை. உடம்பெல்லாம் வியர்வை, கை கால் சில்லிட்டிருந்தது. தரையில் காலை ஊன்றி உட்கார்ந்தபடியே நான் முழுகிக்கொண்டிருந்தேன்.

புஷ்பம் விளக்கைப் போட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். அருகில் வந்து முதுகில் காதை வைத்தாள். சாவி, கயிறு, கங்காணி பொண்டாட்டி எதுவும் அவள் வாயில் வரவில்லை. "உக்காந்தே இருங்க டீச்சர், சாயாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து போட்டபடியே மழைக்குள் ஓடினாள்.

அவள் திரும்பி வரும்வரை இருந்த நேரத்தைப் பற்றி எழுத மாட்டேன்.

வேலாயுதன் வேட்டியும் பனியனுமாக வந்தார். எஸ்டேட் ஜீப்பில் ஆக்சிஜன் சிலிண்டர் கொண்டுவந்திருந்தார். நீர் பிரிய ஓர் ஊசி போட்டார். என்னை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு படிகளில் இறங்கினார்கள். ஜீப்பில் யாரோ பின்சீட்டில் படுக்க வைக்கலாம் என்றார்கள். "படுக்க வச்சா செத்துருவாங்க!" என்று வேலாயுதன் கத்தினார். நானும் கேட்டேன் அதை. முன்சீட்டில் காலைத் தொங்கப்போட்டு உட்கார வைத்து, பின்னாலிருந்து புஷ்பம் என் தோள்கள் இரண்டையும் பிடித்துக்கொண்டாள்.

வால்பாறை தாண்டி ஒரு வளைவில் மரம் விழுந்து கிடந்தது. டிரைவர் சைமன் இறங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்து நின்றார். பக்கத்து எஸ்டேட் லயன் வீடுகளிலிருந்து ஆட்களைக் கூப்பிட்டு வந்து ரம்பம் போட்டு அறுத்தார்கள். அறுக்கும் சத்தத்துக்கு நடுவில், சிலிண்டரின் முள்ளை வேலாயுதன் டார்ச் அடித்து அடித்துப் பார்த்தார். எனக்குத் தெரியாமல் பார்ப்பதாக அவருக்கு நினைப்பு.

"டீச்சர், பேசாதீங்க. இழுங்க. விடுங்க. இழுங்க. விடுங்க." புஷ்பம் என் காதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். நாற்பது கொண்டை ஊசி வளைவும் அப்படித்தான் இறங்கினோம். வகுப்பில் வாய்ப்பாடு சொல்வது போல. ஒரு தடவைகூட அவள் குரல் உடையவில்லை. பொள்ளாச்சி ஆஸ்பத்திரி வாசலில் என்னை ஸ்ட்ரெச்சரில் ஏற்றிய பிறகு சுவரோரம் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

அங்கிருந்து ஆம்புலன்ஸில் இங்கே. அண்ணன் மறுநாள் வந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தான்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

டாக்டர் ஹமீதா. என் மாணவி வயதுதான் இருக்கும். படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து பேசினார்.

"உங்க நுரையீரல்ல வியாதி இல்லம்மா. இதயத்துல ஒரு வால்வு சுருங்கியிருக்கு. நுரையீரல்ல சுத்தமான ரத்தம் இதயத்துக்குள்ள இறங்குற கதவு அது. அஞ்சு ரூபாய் காசு அளவுக்குத் திறக்கணும். உங்களுக்குப் பேனா நுழையுற அளவுதான் திறக்குது."

"அதுக்கு ஏன் மூச்சு முட்டுது?"

"உள்ள போக முடியாத ரத்தம் எங்க நிக்கும்? நுரையீரல்லதான். நின்னு நின்னு அழுத்தம் ஏறி, தண்ணி கசிஞ்சு, காத்து இருக்க வேண்டிய இடமெல்லாம் நனைஞ்சு போகும். படுத்தா கால்ல இருக்குற ரத்தமும் மேல வந்து சேர்ந்துக்கும். அதான் படுத்த கொஞ்ச நேரத்துல முட்டும், எழுந்து நின்னா தணியும். கடைசியா துடிப்பும் தாறுமாறாச்சு. இதயம் நிரம்பறதுக்கே நேரம் கிடைக்கல. ரத்தம் மொத்தமா நுரையீரல் பக்கம் திரும்பிடுச்சு."

"எல்லாரும் கன்னம் சிவந்திருக்குன்னாங்க."

"அதுவும் இதோட அடையாளம்தாம்மா. குரல் கம்மினதும்தான்."

என் முகத்துக்குக் கிடைத்த ஒரே பாராட்டு.

"சின்ன வயசுல மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்துச்சா?"

"பதினொரு வயசுல. முழங்கால் வீங்கும், அது வத்துனா முழங்கை வீங்கும். பள்ளிக்கூடம் போகல."

"அந்தக் காய்ச்சல்தான் வால்வைக் கடிச்சிருக்கு. ஊசி போட்டாங்களா?"

"மூணு வாரத்துக்கு ஒரு தடவை. சத்து ஊசி. இடுப்புல. அன்னைக்கு முழுக்க நொண்டுவேன்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "அது சத்து ஊசி இல்லம்மா. பென்சிலின். காய்ச்சல் திரும்ப வந்து வால்வை இன்னும் கெடுத்துடக் கூடாதுன்னு போடறது. எப்ப நிறுத்துனீங்க?"

"நான் நிறுத்தல. பத்தொன்பது வயசுல, இனிமே வேண்டாம்னு அப்பா சொல்லிட்டாரு."

அண்ணன் அங்கேதான் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தான். அவன் கை நின்றுவிட்டது. டாக்டர் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

நாளை தொடை நரம்பு வழியாக பலூனைக் கொண்டுபோய் வால்வை விரிக்கப் போகிறார்கள். இன்று தொண்டைக்குள் குழாய் விட்டு, இதயத்துக்குள் ரத்தக்கட்டி இல்லை என்று பார்த்துவிட்டார்கள். பலூனால் வால்வு கிழிந்துபோனால் நெஞ்சைத் திறக்க வேண்டிவரும் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். போட்டேன். அண்ணன் என் கண்ணைப் பார்ப்பதில்லை. மருந்து வாங்கப் போகிறான், பால் வாங்கப் போகிறான், மருந்து வாங்கப் போகிறான்.

ஆகஸ்ட் 27, புதன்

செய்தார்கள். நேற்று சாயங்காலம் கால்களை அசைக்காமல் மல்லாந்து படுக்கச் சொன்னார்கள். பயந்துகொண்டே படுத்தேன். விழித்தபோது காலை காபி வந்திருந்தது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

டாக்டர் ஹமீதா வந்து, வால்வு நன்றாகத் திறக்கிறது என்றார். முற்றும் குணம் என்று சொல்ல முடியாதாம். பல வருடம் கழித்து மறுபடி சுருங்கலாம். துடிப்புக்கும், ரத்தம் உறையாமலிருக்கவும் தினமும் மாத்திரை. மூன்று வாரத்துக்கு ஒரு முறை அதே ஊசி. ஒரு மாதம் கழித்து வேலைக்குப் போகலாம், மலையும் ஏறலாம். இனி மூச்சு வாங்கினால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. அவர் போனதும் அண்ணன் பையைக் கட்ட ஆரம்பித்தான்.

"நாளைக்கு வண்டி சொல்லிருக்கேன். நேரா ஊருக்குப் போயிரலாம். மாடியறையத் தூத்து வைக்கச் சொல்லிட்டேன்."

"அண்ணே, அந்த ஊசி என்னன்னு ஒனக்குத் தெரியும்லா?"

பையின் வாரை இழுத்துக் கட்டினான். அவிழ்த்தான். மறுபடி கட்டினான்.

"சொல்லு."

"பாளையங்கோட்டையில டாக்டர் அப்பவே சொல்லிட்டாரு, வால்வுல கோளாறு இருக்கு, ஊசிய விடாமப் போடணும்னு. எனக்கு அப்பம் பதினேழு வயசு. அப்பா என் தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டாரு. பொம்பளப் பிள்ள விசயம், வெளிய தெரியக் கூடாது, அவளுக்குமே தெரியக் கூடாதுன்னு."

"அப்பம் ஏன் நிறுத்துனாரு?"

"ஒன்னப் பொண்ணு கேட்டு ஒரு எடம் வந்துச்சு. ஊசிக்குப் போறத யாராவது பாத்துச் சொல்லிட்டான்னா என்ன செய்யன்னு நிறுத்திட்டாரு. அப்புறம் அவருக்கே பயம் புடிச்சிட்டு. கல்யாணம் ஆயி, பிள்ள உண்டாச்சுன்னா ஒன் உசிருக்கே ஆவாதுன்னு டாக்டர் சொல்லிருக்காரு. வந்த எடத்தையும் வேண்டாம்னுட்டாரு. கேக்கவங்களுக்கு ஏதாவது சொல்லணும்லா? அதான் சாதகத்துல தோசம்னு..."

"எனக்குத் தோஷம் இல்லையா?"

அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"ஒனக்குச் சுத்த சாதகம்ட்டி."

எத்தனை செவ்வாய்க்கிழமை விரதம். எத்தனை கோயில். எத்தனை கல்யாண வீட்டில், தாலி எடுத்துக் கொடுக்கும் நேரத்தில் என்னை யாரோ மெல்லப் பின்வரிசைக்கு அனுப்பியிருக்கிறார்கள், என் நிழல் பெண்ணின்மேல் விழக் கூடாது என்று. நானே போய் நின்றிருக்கிறேன்.

நான் ஆரம்பித்தேன். செத்துப்போன அப்பாவில் ஆரம்பித்து, தெரிந்தும் வாயை மூடிக்கொண்ட அம்மா, சத்தியம் என்று இருபத்தைந்து வருடம் ஊசியைத் தடுத்து வைத்த இவன், பதினொரு வயதுப் பிள்ளையிடம் சொல்ல முடியாததை முப்பது வயதுக்காரியிடம் சொல்ல என்ன கேடு, வேலைக்குப் போகிறவளுக்குத் தன் நெஞ்சில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள உரிமை கிடையாதா, ஊருக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து என்னைக் கொல்லப் பார்த்தீர்களே, மலைமேல் ஒருத்தி மழையில் ஓடியிருக்காவிட்டால் நாளை எனக்குப் பதினாறாம் நாள் விசேஷம் நடத்தியிருப்பாயே, மாடியறையை நீயே வைத்துக்கொள், ஜன்னலைச் சாத்திக்கொண்டு நீயே படு, நான் சேம்பாறைக்குத்தான் போவேன், என் ஊசியை வேலாயுதன் போடுவார், ஊரே பார்க்கட்டும் என்று, எழுந்து நின்று, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு திட்டினேன்.

பக்கத்துப் படுக்கை அம்மாள் மாத்திரையை வாயில் போட்டுவிட்டு விழுங்க மறந்து பார்த்தாள். நர்ஸ் ஓடிவந்து, "ஐயோ, மூச்சு வாங்கப் போகுதும்மா, உக்காருங்க" என்றாள்.

வாங்கவில்லை. ஒரு வாக்கியம் முடிந்து அடுத்தது, அடுத்தது முடிந்து இன்னொன்று. எங்கேயும் நிற்க வேண்டியிருக்கவில்லை. மலையின் பெயர் கேட்க வேண்டியிருக்கவில்லை. இவ்வளவு நீளமாக நான் யாரையும் திட்டியதில்லை. யாரிடமும் பேசியதுகூட இல்லை.

அண்ணன் கட்டிய பையை மடியில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து கேட்டுக்கொண்டே இருந்தான். தொண்டை வறண்டு நான் நிறுத்தியபோது எழுந்து தம்ளரில் தண்ணீர் ஊற்றி நீட்டினான். அவன் கண் நனைந்திருந்தது.

"இன்னும் இருக்காட்டி?" என்றான்.

குடித்துவிட்டுத் தம்ளரைத் திருப்பிக் கொடுத்தேன்.

"இருக்கு," என்றேன். "உக்காரு."